பட்டியல் யார் கையில்?

பேரிடர் நேரத்தில் மருத்துவமனையின் சமூகப்பணியாளருக்கு என்ன வேலை என்று கேட்டால், ஆறுதல் சொல்வது என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். துறைசார்ந்த கட்டுரைகள் அதையே உளசமூக ஆதரவு, துயர ஆலோசனை, நெருக்கடித் தலையீடு என்று கனமான சொற்களில் சொல்கின்றன. அரசு ஒரு பணியிடத்தை உருவாக்க வேண்டும், சம்பளம் ஒதுக்க வேண்டும், பேரிடர்த் திட்டத்தில் அதற்கு இடம் எழுதிவைக்க வேண்டும் என்று கோரும்போது இந்தப் பதில் போதுமா? போதாது என்பது என் எண்ணம். இப்பணியில் எந்தப் பகுதிக்குச் சான்று மெலிந்திருக்கிறதோ அதை முன்னால் நிறுத்திப் பேசுகிறோம். எது இல்லாததால் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைகின்றனவோ, அதைப் பேசாமல் விடுகிறோம். இரண்டையும் பிரித்து நிறுத்துப் பார்த்தால்தான் இந்தப் பணிக்கு உண்மையான மதிப்பு என்ன என்று சொல்ல முடியும்.

இந்தப் பணி எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1905இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் காபட் என்ற மருத்துவர் இதைத் தொடங்கினார். நல்ல சாப்பாடு சாப்பிடு, ஓய்வெடு, காற்றோட்டமான அறையில் படு என்று எழுதித் தந்தால் அது ஏழை நோயாளியின் வீட்டில் நடக்கிற காரியமில்லை என்று அவர் கண்டார். வீட்டு நிலைமையை மருத்துவரிடம் கொண்டுவரவும், மருத்துவர் சொன்னதை வீட்டில் நடக்கிற காரியமாக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. மருத்துவமனை நிர்வாகம் நெடுங்காலம் அந்தச் செலவை ஏற்கவில்லை; 1919இல்தான் ஏற்றது. இந்தியாவில் 1946இல் சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு இந்தப் பணியைப் பரிந்துரைத்தது; அதே ஆண்டு பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் சமூகப்பணியாளர் அமர்த்தப்பட்டார். அப்போதும் அடிப்படை அதுதான்: கட்டிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் ஆள். மனநல ஆலோசனை பின்னால் வந்து சேர்ந்தது.

அந்த பாஸ்டனிலேயே 1942 நவம்பர் 28 இரவு கோக்கனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி தீப்பற்றியது. 492 பேர் இறந்தார்கள். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 114 பேரில் உயிரோடு வார்டுக்குப் போனவர்கள் 39 பேர்தான். தீக்காய சிகிச்சையின் வரலாற்றில் அந்த இரவுக்குத் தனி அத்தியாயம் உண்டு. துயரத்தைப் பற்றிய ஆய்வும் அங்கிருந்துதான் புதுத் திசையில் நகர்ந்தது. தீயிலிருந்து தப்பியவர்கள், உறவினரைப் பறிகொடுத்தவர்கள் முதலான 101 பேரிடம் பேசி எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் 1944இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எல்லோருக்கும் மனநல மருத்துவர் கிடைக்கப் போவதில்லை, ஆகவே ஆபத்தான அறிகுறிகளை அடையாளம் கண்டு அனுப்பிவைக்கும் பொறுப்பு சமூகப்பணியாளர்களுக்கும் சமயப் பணியாளர்களுக்கும் உண்டு என்று அவர் அதிலேயே எழுதினார். பேரிடரில் சமூகப்பணியாளரின் பங்குக்கு ஆதாரம் தேடுபவர்கள் வழக்கமாகத் தொடங்கும் இடம் இது.

அந்தக் கட்டுரையில் வரும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வயது 32. தீக்காயம் சொற்பம். மனைவி இறந்துவிட்டாள் என்பது ஐந்தாம் நாள்தான் அவருக்குத் தெரியவருகிறது. அவர் அழுது புரளவில்லை; இவ்வளவு கட்டுப்பாடா என்று அறுவை சிகிச்சை மருத்துவருக்கே வியப்பு. காயம் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனநலக் குழு வார்டுக்கு வருவதற்குச் சற்று முன்னால் அவர் போய்விட்டார். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உறவினர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். அங்கும் நிம்மதி இல்லை. ஜனவரி 1ஆம் தேதி குடும்பத்தார் அவரைத் திரும்பவும் மருத்துவமனைக்குக் கூட்டிவந்தார்கள். தீயில் மனைவியை இழுத்துவரப் போனவர் மயங்கி விழ, கூட்டம் அவரை வெளியே தள்ளிவிட்டிருக்கிறது. தான் மட்டும் பிழைத்த குற்றவுணர்வு அவரை விடவில்லை. சேர்த்த ஆறாம் நாள், கூடவே இருந்த செவிலியரின் கவனத்தைத் திருப்பிவிட்டு, மூடிய ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்ந்து உயிரைவிட்டார்.

இதைச் சொல்லிவிட்டு, ஒரு சமூகப்பணியாளர் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று முடிப்பது எளிது. அது நேர்மையான வாதம் ஆகாது. இரண்டாம் முறை அவரைச் சேர்த்தபோது மனநல மருத்துவர் இருந்தார், தனிச் செவிலியர் இருந்தார். அப்படியும் அவர் இறந்தார். இந்த நிகழ்வு மெய்ப்பிப்பது அதைவிடச் சிறிய, ஆனால் உறுதியான ஒன்றை. முதல் முறை வீட்டுக்கு அனுப்பியபோது மருத்துவமனையின் பார்வையில் அவர் குணமானவர். காயத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மனைவி இல்லாத வீட்டுக்குப் போகிறாரே, அங்கே யார் இருக்கிறார்கள், அடுத்த வாரம் அவரை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிற கடமை எவருக்கும் இல்லை. வீடு திரும்பியதிலிருந்து ஜனவரி 1 வரை மருத்துவமனையிலிருந்து அவரை ஒருவரும் தேடிப் போனதாகக் கட்டுரையில் இல்லை. காபட் கண்ட அதே இடைவெளி அங்கே திறந்து கிடந்தது.

இனி ஆறுதல் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1980களில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போன்றோருக்காக ஒரு முறையை வகுத்தார். அதிர்ச்சியான நிகழ்வு முடிந்த சில நாட்களுக்குள் அவர்களை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லவைத்து, உணர்ச்சிகளைக் கொட்டச் செய்வது. பிறகு அது பாதிக்கப்பட்டவர்களுக்கும் பரவியது. பேரிடர் என்றால் ஆலோசகர்கள் குழுவாக இறங்குவது வழக்கமாகிவிட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் தீக்காய நோயாளிகளிடம் இதைச் சோதித்து, ஜோனதன் பிசனும் உடன் ஆய்ந்தவர்களும் 1997இல் வெளியிட்ட முடிவு நிலைமையைப் புரட்டிப் போட்டது. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்த அமர்வைப் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருந்தது. அமர்வே பெறாதவர்களில் அது 9 விழுக்காடு. அமர்வு பெற்றவர்களின் காயம் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையானது என்ற ஐயம் அந்த ஆய்வின் மேல் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் 2002இல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, ஒரே தடவையாக நடத்தும் இத்தகைய அமர்வு நோயைத் தடுப்பதில்லை, கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்றே சொன்னது.

அதன் பிறகு உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் தொனியே மாறிவிட்டது. பேச விரும்பாதவரைப் பேசவைக்காதே, பசி, தாகம், தங்குமிடம், பாதுகாப்பு இவற்றைப் பார், உறவினரோடு சேர்த்துவை, சரியான தகவலைக் கொடு என்கிறது அது. இந்தியாவில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் குஜராத் நிலநடுக்கம், 2004 ஆழிப்பேரலை போன்ற பேரிடர்களில் ஊர்மக்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்துவந்தது. அவர்களுடைய பயிற்சி ஏடுகளிலும் மனத்தில் உள்ளதைக் கொட்ட விடுவது ஓர் உத்தியாக இருக்கிறது. ஆனால் கேட்பவர் அதே பகுதியில் வாழ்பவர், அடுத்த வாரமும் வருபவர். ஒருநாள் வந்து பேசவைத்துவிட்டுப் போகும் முறையோடு இதை ஒன்றாக வைத்துக் குறை சொல்வது தவறு. இரண்டையும் பிரிப்பது தொடர்ச்சி.

ஆக, மருத்துவமனைச் சமூகப்பணியாளரை ஆலோசகராக மட்டும் காட்டி அவருக்கு இடம் கேட்டால் வழக்கு பலவீனமாகிவிடுகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தலைப்பிலேயே உளசமூக ஆதரவையும் மனநலச் சேவையையும் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் இந்தச் சேர்க்கையால் சமூகப்பணி மனநலத்தின் கிளையாகவே நிர்வாகிகளின் கண்ணுக்குத் தெரிகிறது. பேரிடர் இரவில் அவர்களுடைய அவசரப் பட்டியலில் அது கடைசிக்குப் போய்விடுகிறது.

இப்போது வலுவான பக்கத்துக்கு வருகிறேன். பேரிடர் நடந்த சில மணி நேரத்தில் மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு ஒரே கேள்விதான்: எங்கள் ஆள் இங்கே இருக்கிறாரா? 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் 97 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் பல்லாண்டு கழித்து 2021இல் இறந்தார். உறவினர்களை ஒரு சிறுவர் மன்றக் கட்டடத்தில் காக்கவைத்தார்கள். அங்கே சமூகப்பணியாளர்கள் இருந்தார்கள், பாதிரியார்கள் இருந்தார்கள். தகவல் மட்டும் இல்லை. மணிக்கணக்கில் காத்திருந்தவர்களை மைதானத்தின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போய், பலகையில் குத்தியிருந்த இறந்தவர்களின் போலராய்டு படங்களில் தங்கள் பிள்ளையைத் தேடவைத்தார்கள். அடையாளம் காட்டிய கையோடு, பையன் குடித்திருந்தானா என்று போலீஸ் விசாரித்தது. அங்கிருந்த சமூகப்பணியாளர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். கையில் பட்டியலும் அதிகாரமும் இல்லாதபோது அவர்களுடைய அன்பால் எதுவும் ஆகவில்லை. ஆறுதலை மட்டும் வைத்து இப்பணியை வரையறுப்பவர்கள் ஹில்ஸ்பரோவை ஒருமுறை கவனமாகப் படிக்க வேண்டும்.

இதற்கு மறுமுனையில் இஸ்ரேலிய மருத்துவமனைகளின் ஏற்பாடு இருக்கிறது. பலர் காயமடையும் நிகழ்வு என்று அறிவித்ததும் அங்கே தகவல் மையம் திறக்கிறது. அதை நடத்துவது மருத்துவமனையின் சமூகப்பணித் துறை. தொலைபேசியை எடுப்பது, நினைவில்லாமல் வந்தவரின் உயரம், உடை, தழும்பு, மோதிரம் இவற்றைக் குறிப்பது, தேடிவரும் குடும்பம் சொல்லும் அடையாளத்தோடு ஒப்பிடுவது, கடைசியில் தேவையானால் சடலப் பரிசோதனை நிலையம்வரை கூடவே போவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2000க்குப் பிந்தைய குண்டுவெடிப்புக் காலத்தில் இந்த முறை பழகிப் பழகிச் செம்மைப்பட்டது. அது சிறிய நாடு, மருத்துவமனைகள் அடிக்கடி ஒத்திகை பார்ப்பவை; அப்படியே பெயர்த்துக்கொண்டுவர முடியாது. ஆனால் துயரத்தில் இருப்பவரோடு பேசத் தெரிந்தவர் கையிலேயே பட்டியலையும் கொடுப்பது என்ற கொள்கையைக் கொண்டுவர முடியும். அதற்குப் பெரிய செலவில்லை.

பட்டியல் என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். நம் ஊரில் அது லேசான வேலை இல்லை. பெரிய விபத்துக்குப் பிறகு ஜி.ஹெச். சுவரில் ஒட்டும் தாளைப் பார்த்திருப்பீர்கள்: முருகன், ஆண், 35, செல்வி, பெண், 28. முருகனைத் தேடி நான்கு குடும்பங்கள் வந்து நிற்கும். குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கத்தில் தகப்பன் பெயரோ கணவன் பெயரோ ஊரோ சேராவிட்டால் பெயர் எதையும் காட்டிக்கொடுக்காது. வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று. கேசுவாலிட்டியில் கேஸ் ஷீட் எழுதுகிற பயிற்சி மருத்துவருக்கு இதையெல்லாம் விசாரிக்க நேரமில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வாசலில் நிற்கும் காவலாளியிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. வடமாநிலத் தொழிலாளி என்றால் எழுதுகிறவருக்கே பெயர் பிடிபடாது.

2023 ஜூன் 2 மாலை ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பகாநகா பஜார் நிலையத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புவனேஸ்வர் எய்ம்ஸில் உடல்களின் படங்களைக் காட்டி அடையாளம் கேட்டார்கள். ஒரே உடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் உரிமை கோர, மரபணுச் சோதனை தேவைப்பட்டது. யாரும் கோராத 28 உடல்கள் அக்டோபரில்தான் எரியூட்டப்பட்டன. ஹௌராவிலிருந்து வந்த ஒரு தகப்பன், மகன் செத்திருக்க மாட்டான் என்று மருத்துவமனை மருத்துவமனையாகத் தேடி, கடைசியில் பள்ளிக்கூடத்தில் அமைத்திருந்த தற்காலிகப் பிணவறையில் அவனை உயிரோடு கண்டுபிடித்தார். நம்பிக்கையின் வெற்றி என்று அந்தச் செய்தி கொண்டாடப்பட்டது. எனக்கு அது ஓர் அமைப்பின் தோல்வி. தேடுவதற்குத் தகப்பன் இல்லாத பையன்களின் கதி என்ன?

ஆழிப்பேரலையின்போது இலங்கையின் கல்முனை ஆதார மருத்துவமனையில் நடந்தது இன்னும் கூர்மையான சான்று. 2004 டிசம்பர் 26 அன்று 81ஆவது நோயாளியாகச் சேர்க்கப்பட்ட ஒரு கைக்குழந்தை. ஒன்பது தம்பதியர் அந்தக் குழந்தைக்கு உரிமை கோருகிறார்கள் என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. கடைசியில் நீதிமன்றத்துக்கு வந்தது ஒரே தம்பதிதான். வீட்டோடு எல்லாம் போய்விட்டதால் தங்கள் பிள்ளை என்று நிரூபிக்க அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் மருத்துவமனைக்குள் முண்டியடித்துப் போய் போலீஸில் பிடிபட்டார்கள். மரபணுச் சோதனை முடிவு 2005 பிப்ரவரி நடுவில் வந்தது, அவர்களுடைய பிள்ளைதான். ஏழு வாரம்! குழந்தையைக் கேட்டவுடனே தூக்கிக் கொடுக்காமல் வைத்திருந்தது சரியே. பெற்றோரை இழந்த குழந்தைகள் கடத்தப்படலாம் என்ற அச்சம் அப்போது எங்கும் இருந்தது. மரபணுச் சோதனையைச் சமூகப்பணியாளர் செய்ய முடியாது என்பதும் உண்மை. ஆனால் குழந்தையைக் கண்டெடுத்தவர் யார், எங்கே, எந்த உடையில் என்று முதல் நாளே பதிந்து, கேட்டுவந்த ஒவ்வொருவரின் வாக்குமூலத்தையும் எழுதி, அக்கம்பக்கத்தாரை விசாரித்து, சட்டப்பூர்வமான கோரிக்கை எத்தனை என்று முதல் வாரத்திலேயே தெளிவுபடுத்தியிருக்கலாம். உலகச் செய்தியாகி வீங்கிய அந்தக் குழப்பத்தில் பாதி அங்கேயே அடங்கியிருக்கும். பெற்றோர் கைதாக நேர்ந்திருக்காது.

பட்டியலுக்கு அடுத்தது காகிதம். போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் நச்சுவாயு கசிந்து, விடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் ஹமீதியா மருத்துவமனையில் குவிந்தார்கள். யாருக்கு என்ன மருந்து கொடுத்தோம் என்று எழுதிவைக்கும் நிலையில் அங்கே ஒருவரும் இல்லை. 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இழப்பீடு பிரிக்கத் தொடங்கியபோது, காயத்தின் தரத்தை மருத்துவ ஆவணம்தான் தீர்மானித்தது. சிகிச்சை பெற்றதற்குச் சீட்டு இல்லாதவர்கள், இருமலோடும் மங்கிய கண்ணோடும் நின்றாலும், காயமில்லை அல்லது தற்காலிகக் காயம் என்ற வகைக்குள் தள்ளப்பட்டார்கள். பெரும்பான்மையோருக்கு முதல் கட்டத்தில் கிடைத்தது 25,000 ரூபாய். கூடுதல் இழப்பீட்டுக்கான மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 மார்ச்சில். டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் வேறு சில சமூகப்பணிக் கல்லூரிகளும் 1985 தொடக்கத்தில் மாணவர்களை அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுத்தன. ஆனால் அது மருத்துவமனைக்கு வெளியே நடந்த வேலை. மருத்துவமனை ஆவணத்தோடு அது இணையவில்லை. பேரிடரில் கேஸ் ஷீட் என்பது சிகிச்சைக் குறிப்பு மட்டும் இல்லை. ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை என்று ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது ஆண்டு இருக்கிறது. அந்தத் தாளை அவர்கள் கையில் சேர்க்காமல் வாசலுக்கு அனுப்புவது சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதற்குச் சமம்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும், அதுவும் நம் மண்ணிலிருந்தே. ஆழிப்பேரலையில் தமிழகத்தில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். அங்கே இறந்தவர் யார், தப்பியவர் யார் என்ற கணக்கை முதலில் எடுத்தவர்கள் மீனவ ஊர்ப் பஞ்சாயத்தார். எந்தப் பட்டம் படித்தவரும் வருவதற்கு முன்பே அவர்களிடம் பட்டியல் இருந்தது. அப்படியிருக்க, சம்பளம் வாங்கும் சமூகப்பணியாளர் எதற்கு? வலுவான கேள்விதான். ஊரை அறிந்தவர் எடுக்கும் கணக்குக்கு இணை கிடையாது. எந்தச் சமூகப்பணியாளரும் முதலில் பஞ்சாயத்தாரிடம்தான் போக வேண்டும். ஆனால் அந்தக் கணக்குக்கு ஓர் எல்லையும் இருந்தது. தலைக்கட்டு வரிக் கணக்கில் வராத கைம்பெண்கள், கடற்கரையை ஒட்டி வாழ்ந்த தலித் குடும்பங்கள் விடுபட்டுப் போனதாக அப்போதே புகார்கள் எழுந்தன. ஊர்ப் பட்டியலில் இல்லாத பெண், மருத்துவமனைக் கட்டிலில் இருப்பாள். அவளுக்கு ஊரின் கணக்கோடு சம்பந்தமில்லாத ஒருவர் வேண்டியிருக்கிறது.

அதே ஆழிப்பேரலையில் இன்னொன்றும் நடந்தது. இதைப் பற்றிப் போதுமான அளவு நாம் யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பிறகு குழந்தைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசே இலவசமாகச் செய்துதர முன்வந்தது. கருணையான முடிவு, பல பெண்கள் அதை மனமார விரும்பினார்கள். ஆனால் அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வரும்போது கூட யார் வருகிறார்கள்? கணவன், மாமியார். அவளுக்குத் துக்கம் இன்னும் ஆறவில்லை. அறுவை சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலிக்காவிட்டால் அந்த வீட்டில் அவள் நிலை என்ன? இப்போதே வேண்டுமா, ஒரு வருஷம் கழித்தா, வேண்டவே வேண்டாமா என்று அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கிற ஆள் யார்? மருத்துவருக்கு அவளுடைய ரத்தப் பரிசோதனை தெரியும், வீடு தெரியாது. இங்கே சமூகப்பணியாளர் செய்யக்கூடியதை வேறு எவரும் செய்ய முடியாது என்று தயங்காமல் சொல்வேன். மனநலச் சிகிச்சை என்று இதற்குப் பெயரிடத் தேவையில்லை. ஒரு பெண்ணின் சம்மதம் அவளுடையதாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் வேலை இது.

செவிலியரே இதையெல்லாம் செய்துவிடலாமே என்பார்கள். சாதாரண நாட்களில் பாதியை அவர்கள்தான் செய்கிறார்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் வந்து இறங்கும் இரவில் அவர்களுடைய கை காலியாக இருக்காது. போலீஸ் செய்யலாம் என்றால், விசாரிக்க வந்தவரிடமே ஆறுதலும் எதிர்பார்க்கச் சொல்கிறோம். ஹில்ஸ்பரோ குடும்பங்களைக் கேட்டால் தெரியும். தன்னார்வலர்கள் முதல் வாரத்தில் நிறைந்திருப்பார்கள், மூன்றாம் வாரம் இருக்க மாட்டார்கள். இந்த மறுப்புகளை இவ்வளவில் விட்டுவிடலாம்.

காசு பற்றிய மறுப்பை அப்படி விட முடியாது. மயக்க மருந்து நிபுணர் இல்லாத, செவிலியர் பற்றாக்குறையில் தத்தளிக்கும் ஒரு மாவட்ட மருத்துவமனையில், அடுத்த சம்பளம் சமூகப்பணியாளருக்கா என்று ஒரு கண்காணிப்பாளர் கேட்டால் என்ன சொல்வது? முதல் 24 மணி நேரத்தில் சமூகப்பணியாளரால் இறப்பு எண்ணிக்கை குறைந்தது என்பதற்குச் சான்று என் பார்வைக்கு எட்டவில்லை. அதை ஒப்புக்கொண்டுதான் வாதாட வேண்டும். ரத்தம் நிற்காதவனுக்கு முதலில் மயக்க மருந்து நிபுணர்தான் வேண்டும். ஆனால் சமூகப்பணியாளர் பேரிடருக்காக மட்டும் வைக்கப்படும் ஆள் இல்லை. பெயர் தெரியாமல் சேர்க்கப்பட்ட முதியவர், காப்பீட்டு அட்டையில் பெயர் பொருந்தாத நோயாளி, தற்கொலை முயற்சியில் வந்த மருமகள், கூட்டிப்போக யாரும் வராமல் வார்டிலேயே தங்கிவிட்ட மனநோயாளி: இவர்களெல்லாம் தினமும் இருக்கிறார்கள். இவர்களுக்காகத் தினமும் வேலை செய்கிறவருக்கே தாலுகா ஆபீசில் யாரைப் பார்ப்பது, எந்தக் காப்பகத்தில் இடம் இருக்கிறது, எந்த ஸ்டேஷன் ரைட்டர் போனை எடுப்பார் என்பது தெரிந்திருக்கும். பேரிடர் நாளில் பயன்படுவது அந்தப் பழக்கம்தான். நம் மருத்துவக் கல்லூரிகளில் சமுதாய மருத்துவத் துறையிலும் மனநலத் துறையிலும் சமூகப்பணியாளர் இடங்கள் இருக்கின்றன. அவர்களில் பலர் பயிற்சி மையத்திலும் கணக்கெடுப்பிலும் முடங்கிக் கிடக்கிறார்கள். கேசுவாலிட்டி வாசலோடு அவர்களுக்கு உறவில்லை. புதிய பணியிடம் கேட்பதற்கு முன்னால் இந்த உறவை ஏற்படுத்துவதற்கு அரசாணைகூடத் தேவைப்படாது.

என் தீர்ப்பு இதுதான். பேரிடரில் மருத்துவமனைச் சமூகப்பணியாளர் இன்றியமையாதவர். ஆனால் அவர் பெயரில் இன்று முன்வைக்கப்படும் காரணத்துக்காக இல்லை. முதல் வாரத்தில் எத்தனை பேருக்கு ஆலோசனை வழங்கினோம் என்று எண்ணிக்கை காட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். ஒரே தடவையாக நடத்தும் அத்தகைய அமர்வு நோயாளிக்கு நன்மை செய்கிறது என்பதற்குச் சான்றில்லை, தீமை செய்யக்கூடும் என்பதற்கு இருக்கிறது. பெயர்ப் பட்டியலும், குடும்பத்தோடு பேசும் பொறுப்பும், குடும்பத்துக்குச் சேர வேண்டிய தாள்களும் எழுத்துப்பூர்வமாக அவருடைய பொறுப்பாக வேண்டும். நிலைய மருத்துவ அலுவலருக்கு அடுத்தபடியாகப் பிணவறைப் பதிவேட்டையும் வார்டு பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பியவர்களை மூன்றாம் வாரமும் மூன்றாம் மாதமும் போய்ப் பார்ப்பது அவர் வேலையின் பகுதி என்று கருதி, அதற்கு வண்டியும் நாட்களும் ஒதுக்க வேண்டும். இந்த அதிகாரம் இல்லாமல் வெறும் பதவியை மட்டும் உருவாக்குவதானால், அந்தச் சம்பளத்துக்கு இன்னொரு செவிலியரை எடுப்பதே மேல் என்று நானே வாதாடுவேன்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். கோக்கனட் குரோவ் எரிந்தது சனிக்கிழமை இரவு. போபாலில் வாயு கசிந்தது ஞாயிறு நள்ளிரவு. ஹில்ஸ்பரோ நெரிசல் சனிக்கிழமை பிற்பகல். ஆழிப்பேரலை ஞாயிறு காலை. பாலசோர் விபத்து வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி அளவில். இந்தக் கட்டுரையில் சொன்ன ஒன்றுகூட அலுவலக நேரத்தில் நடக்கவில்லை. நம் மருத்துவமனைகளில் சமூகப்பணியாளர் இருக்கும் இடங்களிலும் அவர் காலை வந்து மாலையில் வீட்டுக்குப் போகிற பகல்நேர ஊழியர்தான். இரவிலும் விடுமுறையிலும் அழைத்தால் வர வேண்டியவர் யார், அவர் வரும்வரை பட்டியலை எழுத வேண்டியவர் யார் என்ற இரண்டு பெயர்களும் கேசுவாலிட்டியின் டூட்டி அட்டவணையில், மருத்துவர் பெயருக்குக் கீழே, தொலைபேசி எண்ணோடு இருக்க வேண்டும். ஒரு மருத்துவமனையின் பேரிடர்த் திட்டத்தைச் சரிபார்க்கப் போகிற அதிகாரி முதலில் அந்த அட்டவணையைக் கேட்கட்டும்.